காருக்கான முன்பணப் பராமரிப்புத் திட்டம்: கையெழுத்திடும் முன் போட வேண்டிய கணக்கு

புதிய காருக்கான பேரம் முடிந்து, கடன் தாள்களும் காப்பீட்டுத் தாள்களும் மேசைமேல் பரப்பப்பட்டிருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் அந்த ஒரு தாள் நீட்டப்படுகிறது. மூன்று ஆண்டுகளுக்கோ ஐந்து ஆண்டுகளுக்கோ உரிய சர்வீஸ் செலவை இப்போதே மொத்தமாகக் கட்டிவிட்டால், பிறகு காரைக் கொண்டுவந்து விடுவதையும் எடுத்துச் செல்வதையும் தவிர வேறு வேலை இல்லை என்று விற்பனையாளர் சொல்வார். பெரிய தொகை ஒன்றுக்கு ஏற்கெனவே சம்மதித்துவிட்ட களைப்பில் இருக்கும் புதியவருக்கு, இந்தத் தொகை ஒரு பொருட்டாகவே தோன்றாது. அந்த மேசையில் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பதே என் முதல் பரிந்துரை. இத்தகைய திட்டங்கள் பலவற்றை, கார் கைக்கு வந்த பிறகும், முதல் சர்வீஸ் வரையில் வாங்கிக்கொள்ள இடம் இருக்கும். இன்று மட்டும்தான் இந்த விலை என்று சொல்லப்பட்டால், கடைசித் தேதி எது என்பதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். தேதி பெரும்பாலும் சற்று நகர்ந்து கொடுக்கும்.

எதை வாங்குகிறோம் என்பதைப் பிரித்தறிதல்

ஒரே மேசையில் நான்கு வெவ்வேறு தாள்கள் இருக்கும். புதியவர்கள் அவற்றைக் குழப்பிக்கொள்வது இயல்பு. வாரண்டி என்பது தயாரிப்புக் குறையால் ஒரு பாகம் பழுதானால் நிறுவனம் தன் செலவில் சரிசெய்து தரும் உறுதி. நீட்டித்த வாரண்டி அந்த உறுதியைக் கூடுதல் ஆண்டுகளுக்குக் காசு கொடுத்து வாங்குவது. காப்பீடு விபத்துக்கும் திருட்டுக்கும் உரியது. முன்பணப் பராமரிப்புத் திட்டம் இந்த மூன்றிலும் சேராது: ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது, சரிபார்ப்பது என்று கால அட்டவணைப்படி எப்படியும் செய்தாக வேண்டிய வேலைகளுக்கான கட்டணத்தை முன்கூட்டியே செலுத்துவது, அவ்வளவுதான். கியர்பாக்ஸ் பழுதானால் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பயன் இல்லை.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. காப்பீடு, நேருமா நேராதா என்றே தெரியாத இழப்புக்கானது. அதனால் அங்கே சற்று அதிகமாகக் கொடுத்தாலும் நிம்மதிக்கு விலை கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எஞ்சின் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும் என்பது கார் தொழிற்சாலையை விட்டு வெளிவரும் முன்பே அச்சாகிவிட்ட செய்தி. முன்கூட்டியே தெரிந்த செலவை முன்கூட்டியே கட்டுவதற்கு அச்சம் ஒரு காரணமாக இருக்க முடியாது. கணக்கு சரியாக வந்தால் வாங்கலாம், வராவிட்டால் விட்டுவிடலாம். நிம்மதி, கவலையின்மை ஆகிய சொற்களை விற்பனையாளர் எத்தனை முறை சொல்கிறாரோ, அத்தனை முறை கணக்கை நோக்கித் திரும்புங்கள்.

முதல் வேலை: கையேட்டில் உள்ள அட்டவணையை எடுத்து எழுதுதல்

காருடன் வரும் உரிமையாளர் கையேட்டில் பராமரிப்பு அட்டவணை இருக்கும். பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் வரிசைகளில் பாகங்களின் பெயர்களும், மேலே 10,000, 20,000, 30,000 கி.மீ. என்ற தலைப்புகளும், கட்டங்களுக்குள் ஒற்றை எழுத்துகளும் அச்சிடப்பட்டிருக்கும். ஆங்கிலக் கையேடுகளில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் மாற்ற வேண்டும் என்று பொருள். ‘ஐ’ என்ற எழுத்து இருந்தால் பார்த்துச் சோதித்தால் போதும் என்று பொருள். இந்த இரண்டு எழுத்துகளுக்கு இடையிலுள்ள தூரத்தில்தான் திட்டத்தின் மதிப்பே அடங்கியிருக்கிறது. விளம்பரத் தாளில் நாற்பது அம்சச் சோதனை என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த நாற்பதில் பெரும்பகுதி, விளக்கு எரிகிறதா, பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கும் வேலை. காசு செலவாவது மாற்றும் வேலைகளில்தான். ஆகவே அவற்றை மட்டும் ஒரு தாளில் எடுத்து எழுதுங்கள்.

எழுதும்போது ஒவ்வொன்றும் எந்த இடைவெளியில் வருகிறது என்பது தெளிவாகும். எஞ்சின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் பல கார்களில் 10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றப்படுகின்றன, 15,000 கி.மீ. என்று குறிப்பிடும் கார்களும் உண்டு. காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை மாறும். எஞ்சினுக்குக் காற்று செல்லும் ஏர் ஃபில்டர் அதைவிட நீண்ட நாள் தாங்கும். ஸ்பார்க் பிளக் எந்த வகை என்பதைப் பொறுத்து வேறுபாடு பெரிது: நிக்கல் முனையுள்ள சாதாரணப் பிளக்கை 30,000 அல்லது 40,000 கி.மீ. அளவில் மாற்ற நேரும்போது, இரிடியம் முனையுள்ளது 1,00,000 கி.மீ. வரையும் செல்லும்.

பிரேக் ஆயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் திட்டங்களில் அடிக்கடி மழுப்பப்படும் இடம் அதுதான். இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 என்ற தரத்தில் புதிய திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் கலந்த நிலையில் அந்தத் தரம் கேட்கும் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். பிரேக் சூடாகும்போது திரவம் கொதித்துவிட்டால் பெடல் பொதபொதவென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. அதனால்தான் கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும்படி பல கையேடுகள் கூறுகின்றன. திட்டத்தின் தாளிலோ ‘பிரேக் ஆயில்: அளவு சரிபார்த்து நிரப்புதல்’ என்று எழுதியிருக்கக்கூடும். நிரப்புதல் வேறு, மாற்றுதல் வேறு. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், கியர் ஆயில் ஆகியவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள்.

அட்டவணையை எழுதி முடித்ததும் இன்னொன்றும் புலப்படும். முதல் இரண்டு மூன்று சர்வீஸ்கள் மிக எளியவை. ஆயில், ஃபில்டர், ஓரிரு திரவங்கள், அதோடு சரி. ஸ்பார்க் பிளக், கூலன்ட், கியர் ஆயில், டைமிங் பெல்ட் உள்ள கார்களில் அந்தப் பெல்ட் ஆகிய செலவு மிகுந்த வேலைகள் பெரும்பாலும் பின்னால் வருகின்றன. மூன்று ஆண்டுத் திட்டம் பல கார்களில் செலவு குறைந்த காலத்தை மட்டும் தழுவி, செலவு கூடும் காலத்தின் வாசலில் விடைபெற்றுக்கொள்கிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் வாங்குபவர் அறிந்து வாங்க வேண்டிய செய்தி இது.

இரண்டாவது வேலை: மூன்று விலைகளைக் கேட்டு வாங்குதல்

திட்டத்தின் விலை ஒன்று கையில் இருக்கிறது. இன்னும் இரண்டு விலைகள் வேண்டும். அதே நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசி, இந்த மாடலுக்கு முதல், இரண்டாம், மூன்றாம் சர்வீஸ்களுக்குத் தனித்தனியே இன்று எவ்வளவு ஆகும் என்று கேட்டு, உதிரிபாகம், ஆயில், கூலி, வரி ஆகியவற்றைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். விற்பனைப் பிரிவிடம் இதைக் கேட்காதீர்கள். ஒப்பீட்டுக்காக அவர்கள் காட்டும் ‘தனியாகச் செய்தால் ஆகும் செலவு’ என்ற பத்தியில், யாரும் கேட்காத வேலைகள் சிலவும் சேர்ந்து தொகை வீங்கியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து, நம்பகமான வெளிப் பணிமனை ஒன்றில், கையேடு சொல்லும் அதே தரமுள்ள ஆயிலைக்கொண்டு அதே வேலைகளைச் செய்ய எவ்வளவு என்று கேளுங்கள்.

வெளியில் சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும் என்ற பேச்சு இந்த இடத்தில் தவறாமல் வரும். இது நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டின் மாக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டம், தன் பெயருள்ள பொருளையோ சேவையையோ காசு கொடுத்து வாங்கினால்தான் வாரண்டி என்று நிபந்தனை விதிப்பதைப் பொதுவாகத் தடை செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டி விதிகளும் ஏறக்குறைய அதே திசையில் செல்கின்றன. உங்கள் நாட்டின் சட்டத்தையும் வாரண்டிப் புத்தகத்தின் வாசகத்தையும் பாருங்கள். வாய்ச்சொல்லை நம்பி முடிவு செய்ய வேண்டாம். எங்கே செய்தாலும் தேதி, ஓடிய தூரம், ஆயிலின் தரம் ஆகியவை அச்சிட்ட ரசீதைப் பத்திரப்படுத்துவது எல்லா நாட்டிலும் உதவும்.

கையோடு, காரின் விலையிலேயே எத்தனை சர்வீஸ்கள் இலவசமாகச் சேர்ந்திருக்கின்றன என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். கூலி மட்டும் இலவசமா, ஆயிலும் சேர்த்தா என்பது முக்கியம். ஏற்கெனவே இலவசமாகக் கிடைப்பதைத் திட்டத்துக்குள்ளும் போட்டு எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவது இந்தத் தொழிலில் பழகிப்போன வழக்கம்.

மூன்றாவது வேலை: கணக்குப் போடுதல்

எண்களை எளிதாக்க, மூன்று சர்வீஸ் அடங்கிய திட்டத்தின் விலையை 100 என்று கொள்வோம். அதே சர்வீஸ்கள் நிறுவனத்திலேயே தனித்தனியாக இன்றைய விலையில் தலா 36, ஆக மொத்தம் 108 என்று வைத்துக்கொள்வோம். எட்டு மிச்சம் என்று தோன்றும். ஆனால் 100 ஐ இன்றே கொடுக்கிறோம். சர்வீஸ்களோ ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு கழித்து வருகின்றன. அந்த 100 ஐ ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி தரும் கணக்கில் போட்டால், முதலாண்டு முடிவில் 106 ஆகும். 36 ஐ எடுத்தால் 70. அடுத்த ஆண்டு அது 74.2 ஆகி, 36 போக 38.2. மூன்றாம் ஆண்டு ஏறக்குறைய 40.5 ஆகி, கடைசி 36 ஐயும் கட்டிய பிறகு நாலரை மீதம் நிற்கும். மிச்சம் என்று காட்டப்பட்டது உண்மையில் நட்டம்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது நியாயமானதும் கூட. சர்வீஸ் கட்டணம் மூன்று ஆண்டுகளும் 36 ஆகவே நிற்காது. ஆயிலும் கூலியும் ஏறும், திட்டம் வாங்கியவருக்கு அந்த ஏற்றம் இல்லை. கட்டணம் ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுவதாகக் கொண்டு மேற்கண்ட கணக்கையே மறுபடி போட்டால், வங்கிக் கணக்கு மூன்றாம் ஆண்டில் ஒன்பதரை அளவுக்குக் குறைவாக நின்று, திட்டமே வெல்கிறது. அதாவது வட்டியும் விலையேற்றமும் ஒரே வேகத்தில் சென்றால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். இன்றைய விலைகளை நேருக்கு நேர் ஒப்பிட்டாலே போதும். நான் கொள்ளும் நடைமுறை விதி இது: இன்றைய விலையில் குறைந்தது பத்திலொரு பங்காவது மிச்சம் தெரியாவிட்டால், அந்தத் திட்டத்துக்காகப் பணத்தை முடக்குவது வீண்.

இந்த எட்டையும் ஒன்பதரையையும் விடப் பெரிய வேறுபாடுகள் வேறு இடங்களில் இருக்கின்றன. வெளிப் பணிமனையில் அதே சர்வீஸ் 25 க்கு முடிகிறது என்றால், மூன்றுக்கும் சேர்த்து 75. அங்கே செல்லத் தயங்காதவருக்கு 100 கொடுத்து வாங்கும் திட்டம் எந்த வட்டிக் கணக்கிலும் நிற்காது. திட்டத்தின் விலையைக் கார்க் கடனோடு சேர்த்துவிட்டால், 10 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டு மாதத் தவணையாகக் கட்டும்போது 100 என்பது ஏறத்தாழ 127 ஆகிறது. மூன்று ஆண்டில் முடிந்துபோன சர்வீஸ்களுக்கு ஐந்தாம் ஆண்டிலும் தவணை கட்டிக்கொண்டிருப்போம். மூன்றில் ஒரு சர்வீஸ் கைநழுவினால், 72 மதிப்புள்ள வேலைக்கு 100 கொடுத்ததாகிவிடும். வாங்கிய சர்வீஸ் அத்தனையையும் பயன்படுத்துவோமா என்ற கேள்விதான் கணக்கில் மிகக் கனமானது.

உங்கள் ஓட்டத்தையும் திட்டத்தின் எல்லையையும் பொருத்திப் பார்த்தல்

திட்டங்கள் ‘36 மாதம் அல்லது 30,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ’ என்ற வாசகத்தோடு வரும். ஆண்டுக்கு 25,000 கி.மீ. ஓட்டுபவருக்கு இது 15 மாதத்துக்குள் முடிந்துவிடும். மூன்று சர்வீஸும் கிடைத்துவிடுவதால் அவருக்கு நட்டம் இல்லை. ஆனால் மூன்று ஆண்டுக்குக் கவலை இல்லை என்ற பேச்சு அவருக்குப் பொருந்தாது, அவருடைய மூன்றாண்டுத் தேவை ஏழு சர்வீஸ். ஆண்டுக்கு 6,000 கி.மீ. மட்டுமே ஓட்டுபவர் நட்டப்படுவார் என்று பொதுவாகச் சொல்வார்கள். 12 மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் என்று கையேடு சொல்லும் காரில் அவருக்கும் மூன்று சர்வீஸ் வரத்தான் செய்யும். சிக்கல் வேறு வகைக் கார்களில்தான் இருக்கிறது: ஓட்டும் விதத்தைக் கணக்கிட்டு அடுத்த ஆயில் மாற்றம் எப்போது என்று திரையில் காட்டும் கார்களில் இடைவெளி 2 ஆண்டு வரை நீளலாம், அப்போது மூன்று ஆண்டுக்குள் ஒரே ஒரு சர்வீஸ்தான் வரும்.

கடைசி சர்வீஸின் தேதியைக் கவனியுங்கள். மூன்றாவது சர்வீஸ் 36 ஆம் மாத முடிவில் வருகிறது. திட்டமும் அதே நாளில் காலாவதியாகிறது. வெளியூரிலிருந்து ஒரு வாரம் தாமதமாகத் திரும்பினால் போயிற்று. சில ஒப்பந்தங்கள் சலுகைக் காலம் தருகின்றன, சில தருவதில்லை. நாள்களை எண்ணத் தொடங்குவது கார் பதிவான தேதியிலிருந்தா, திட்டம் வாங்கிய தேதியிலிருந்தா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மின்சாரக் காருக்குத் திட்டம் நீட்டினால் இன்னும் கூர்மையாகக் கேளுங்கள். அங்கே எஞ்சின் ஆயில் இல்லை, ஆயில் ஃபில்டர் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை. மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தை மீட்டெடுப்பதால் பிரேக் பேடும் மெதுவாகவே தேய்கிறது. கேபின் ஃபில்டர், பிரேக் ஆயில், டயர்களை இடம் மாற்றுவது, சோதனைகள் என்று மிஞ்சுபவை மிகச் சில. அவற்றுக்குப் பெட்ரோல் காருக்கு இணையான தொகை கேட்கப்பட்டால் காரணம் கேட்பதில் தவறில்லை.

ஒப்பந்தத்தில் படித்தே ஆக வேண்டிய வரிகள்

எவை சேராது என்ற பகுதியை முதலில் படியுங்கள். பிரேக் பேட், வைப்பர் பிளேடு, கிளட்ச், டயர், பேட்டரி ஆகிய தேய்மானப் பொருள்கள் பெரும்பாலான அடிப்படைத் திட்டங்களில் இல்லை. கூடுதல் விலையுள்ள திட்டங்களில் இருந்தாலும், இத்தனை முறை மட்டும் என்ற வரம்பு இருக்கும். வீல் அலைன்மென்ட், பேலன்சிங் ஆகியவை தனிக் கட்டணமா என்று பாருங்கள். தூசு மிகுந்த சாலை, நெரிசல், எஞ்சின் சூடாகும் முன்பே முடிந்துவிடும் குறுகிய பயணங்கள் ஆகியவற்றைக் கையேடுகள் கடினமான பயன்பாடு என்று வகைப்படுத்தி, ஆயில் இடைவெளியைக் குறைத்துச் சொல்கின்றன. அப்படிக் கூடுதலாக வரும் ஆயில் மாற்றங்களைத் திட்டம் ஏற்காமல் போகலாம்.

திட்டத்துக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதும் முக்கியம். கார் நிறுவனமே தரும் திட்டம் அதன் அங்கீகாரம் பெற்ற பணிமனைகள் அனைத்திலும் செல்லும். விற்பனைக் கிளை தானே தரும் திட்டம் அந்தக் கிளையில் மட்டும் செல்லக்கூடும்; வீடு மாறினாலோ அந்தக் கிளை மூடப்பட்டாலோ தாள் மட்டும் மிஞ்சும். மூன்றாம் நிறுவனம் ஒன்று தருவதாயின் பணிமனைகள் அதை ஏற்கின்றனவா என்று நேரில் கேட்ட பிறகே மேலே பேச வேண்டும்.

காரை இடையில் விற்றால் என்ன ஆகும் என்ற பத்தியை நான் ஒருமுறை படிக்காமல் விட்டு, அதன் விலையைக் கொடுத்தேன். நான்கு சர்வீஸ் திட்டத்தில் இரண்டை முடித்த நிலையில் காரை விற்க நேர்ந்தது. பாதித் தொகை திரும்பும் என்று எண்ணியிருந்தேன். அவர்களோ முடிந்த இரண்டையும் தள்ளுபடி இல்லாத முழு விலையில் கணக்கிட்டுக் கழித்து, ரத்து செய்வதற்கான கட்டணத்தையும் கழித்தார்கள். 100 இல் 50 எதிர்பார்த்த இடத்தில் 30 வந்தது. ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் அது தெளிவாகவே எழுதியிருந்தது, குறை சொல்ல வழியில்லை. திட்டம் காரோடு சேர்ந்து அடுத்த உரிமையாளருக்குச் செல்லுமா, விபத்தில் கார் முழுச் சேதமானால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளுக்குள் எழுதித் தர வேண்டும் என்ற மூன்றையும் அந்தப் பக்கத்தில் தேடிப் படியுங்கள்.

யாருக்குப் பொருந்தும்

எப்படியும் நிறுவனத்தின் பணிமனைக்கே செல்லப்போகிறவர், திட்டம் முடியும்வரை காரை வைத்திருக்கப்போகிறவர், அங்கே கூலி மிக அதிகமாக உள்ள உயர்விலைக் காரை வாங்குகிறவர் ஆகியோருக்கு நல்ல தள்ளுபடியில் கிடைக்கும் திட்டம் லாபமாகலாம். அலுவலகச் செலவில் கார் ஓட்டுபவருக்கு, ஆண்டுச் செலவு மாறாமல் இருப்பதே ஒரு வசதி. இன்னொரு வகையினரும் உண்டு: ஒவ்வொரு முறையும் காசை எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தால் சர்வீஸைத் தள்ளிப்போட்டுக்கொண்டே செல்பவர்கள். முன்கூட்டியே கட்டிய காசு அவர்களைப் பணிமனைக்கு இழுத்து வரும் என்றால், சிறு நட்டத்திலும் அவர்கள் திட்டத்தை வாங்குவதை நான் தடுக்க மாட்டேன். நம்பகமான மெக்கானிக் உள்ளவர், ஓரிரு ஆண்டில் காரை மாற்றும் எண்ணமுள்ளவர் ஆகியோர் இதை விட்டுவிடலாம். வாங்குவதென்று முடிவானால் விலையில் பேரம் பேசுங்கள். காரின் விலையைவிட இதில் விட்டுக்கொடுக்க இடம் அதிகம்.

வாங்கிய பிறகு

ஒவ்வொரு சர்வீஸுக்கும் நீங்கள் முன்பு எழுதிய தாளைக் கையோடு கொண்டு செல்லுங்கள். செய்யப்போகும் வேலைகளைப் பணிமனை எழுதித் தரும் ஜாப் கார்டில் கையெழுத்திடும் முன், அதில் எழுதியிருப்பவை திட்டத்தில் உள்ளவைதாமா என்று ஒப்பிடுங்கள். சர்வீஸ் கட்டணம் ஏதுமில்லை என்ற நிறைவில் இருக்கும் வாடிக்கையாளரிடம்தான் எஞ்சின் உட்புறச் சுத்தம், இன்ஜெக்டர் சுத்தம், ஏசி கிருமி நீக்கம் போன்றவை எளிதில் விற்கப்படுகின்றன. கையேட்டில் இந்த வேலை எந்தப் பக்கத்தில் உள்ளது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலும் அதற்கு மேல் பேச்சு வளராது. கட்டணம் பூஜ்யமாக இருந்தாலும் மாற்றிய பாகங்கள், ஆயிலின் தரம், ஓடோமீட்டர் அளவு ஆகியவை உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் காரை விற்கும்போதும் வாரண்டிக்கு விண்ணப்பிக்கும்போதும் அதுவே சான்று.

வாங்கவில்லை என்றால், நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவு சொன்ன மூன்றாண்டு மொத்தத்தை 36 ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாதந்தோறும் தனிக் கணக்கில் போட்டுவாருங்கள். மேலே கொண்ட எடுத்துக்காட்டின்படி அது மாதம் 3. கைப்பேசி நாள்காட்டியில், கார் வாங்கிய தேதியிலிருந்து பதினோராம் மாதம், இருபத்து மூன்றாம் மாதம், முப்பத்தைந்தாம் மாதம் ஆகியவற்றில் சர்வீஸ் நினைவூட்டலை வைத்து, இருபத்து மூன்றாம் மாதத்துக்கு நேரே பிரேக் ஆயில் என்றும் சேர்த்து எழுதிவிடுங்கள்.